படுத்துக்கிடக்கும் எட்டு

ரெனாட்டாவின் கல்யாணம் ஒரு திங்கட்கிழமை நடந்தது.

“திங்கக்கிழமையில யாருடி கல்யாணம் பண்ணுவா? முடிவெட்டுறவங்க பண்ணுவாங்க. அன்னிக்குத்தான் அவங்க கடைக்கு லீவு,” என்று அவள் அம்மா யாட்விகா வாரக்கணக்கில் புலம்பித் தீர்த்தாள். ஆனால் வேறு வழி இல்லை. மாப்பிள்ளை வெண்டலும், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டிய ரெனாட்டாவின் தம்பி ஜெரோமும் பேஸ்பால் ஆடிப் பிழைப்பவர்கள். டொலிடோ நாரைகள் என்ற பெரிய அணியில் அல்ல; அந்த அணி தன் ஆட்களை ஊறுகாய் மாதிரி ஊறப்போட்டு வைத்திருக்கும் சின்ன அணியில். ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை அவர்களுக்கு ஞாயிறும் கிடையாது, திருநாளும் கிடையாது. 2009 ஜூன் பதினைந்து, திங்கட்கிழமை, அதிசயமாக ஆட்டம் இல்லை. அதில் கல்யாணத்தைச் சொருகினார்கள்.

வெண்டலை வீட்டுக்குக் கூட்டிவந்ததே ஜெரோம்தான். ஜெரோம் பந்து எறிபவன். வெண்டல் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடிப்பவன். இரண்டு வருஷம் ஒரே அறையில் குடியிருந்து, ஒரே அடுப்பில் முட்டை பொரித்துத் தின்றவர்கள். கென்டக்கிக்காரனான வெண்டலுக்கு இந்த ஊரில் யாரும் இல்லையே என்று ஒரு ஈஸ்டர் பண்டிகைக்கு ஜெரோம் அவனை அழைத்துவந்தான். யாட்விகா செய்த, உருளைக்கிழங்கு பொதிந்த போலந்துக் கொழுக்கட்டையான பியரோகியை அவன் தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ரெனாட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் நாளாயிற்று.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே ஜெரோமை நாரைகள் ஒமாஹா அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களை அப்படித்தான் கொடுப்பார்கள், வாங்குவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது.

அந்த வாரம் நாரைகளின் பெரிய அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, வெண்டலை அவசரமாக மேலே அழைத்தார்கள். அதே வாரம் ஒமாஹா அணியில் இரண்டு பேருக்குத் தோள் வலி. ஜெரோமை மேலே அழைத்தார்கள். ஒமாஹா விளையாட வந்த ஊரோ டொலிடோ. இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் முதல்முறை பெரிய மைதானம், அதுவும் சொந்த ஊரில், ஒருவனுக்கு எதிராக ஒருவன். யாட்விகா தலைக்குச் சாயமெல்லாம் பூசிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைய ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பழைய பாக்கி இருந்தது. முன்பு எப்போதோ மழையால் நின்றுபோன ஆட்டம். நாலுக்கு நாலு என்று சமநிலை, கடைசி இன்னிங்ஸில் நாரைகள் மட்டை பிடிக்கவேண்டிய கட்டம். விட்ட இடத்திலிருந்து அதை முடித்துவிட்டுத்தான் புது ஆட்டம். ஒமாஹா ஜெரோமைப் பந்தெறிய அனுப்பியது. நாரைகள் மாற்று மட்டைக்காரனாக வெண்டலை அனுப்பினார்கள். ஜெரோம் எறிந்தான். வெண்டல் சுழற்றினான். பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன். நாரைகளுக்கு ஐந்து, ஆட்டம் முடிந்தது.

ஒரே பந்து. பாதிப் பேர் இன்னும் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ரெனாட்டாவும் அம்மாவும் அப்போது கார் நிறுத்தும் இடத்தில் இருந்தார்கள். நிழலில்தான் நிறுத்துவேன் என்று அம்மா காவலாளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. அம்மா பக்கத்து இருக்கைக்காரரைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னங்க ஆச்சு?”

“முடிஞ்சிருச்சு. நாமதான் ஜெயிச்சோம்.”

“என் பையன் பந்து போட்டானா?”

“உங்க பையன் யாருன்னு எனக்கெப்படிம்மா தெரியும்? எவனோ ஒருத்தன் வந்தான், ஒரு பந்து போட்டான், போயிட்டான்.”

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பேருக்கும் விருந்து. வெண்டல் வந்தவுடன், யாரோ ரசிகர் திருப்பிக் கொடுத்த அந்த ஹோம் ரன் பந்தை எடுத்து, பீட்ரூட் சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நடுமேஜையில் வைத்தான். “அத்தை, நீங்க பார்க்கலைன்னு சொன்னீங்களே, இதோ பாருங்க,” என்றான். ஜெரோம் கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்து தன் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஒமாஹா அவனைத் திரும்பச் சின்ன அணிக்கு அனுப்பியது. குளிர்காலத்தில் தோள்பட்டை கிழிந்தது. அத்தோடு சரி. பெரிய அணியில் அவன் கணக்கு இதுதான்: போட்ட பந்து ஒன்று, கொடுத்த ஹோம் ரன் ஒன்று, தோற்ற ஆட்டம் ஒன்று, அவுட் ஆக்கிய ஆள் யாரும் இல்லை. பந்தெறிபவனுக்குச் சராசரி போடும்போது அவன் விட்ட ரன்னை எடுத்த அவுட்டால் வகுத்து, ஒரு முழு ஆட்டத்தின் இருபத்தேழு அவுட்டால் பெருக்குவார்கள். ஜெரோமுடையதை வகுக்க முடியாது; கீழே பூஜ்யம். அதனால் அவன் பெயருக்கு நேராக எண் எதுவும் போடாமல் முடிவிலிக் குறி போட்டிருந்தார்கள். எட்டைப் பிடித்துத் தள்ளிப் படுக்கவைத்த மாதிரி ஒரு குறி. மதுக்கடை வினாடிவினாக்களில் அது பிரபலமான கேள்வியாகிவிட்டது. ஜெரோம் மதுக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

வெண்டலும் பெரிதாக எதையும் கிழித்துவிடவில்லை. இன்னும் சில ஆட்டங்கள் ஆடினான், வேறு ஹோம் ரன் இல்லை, முட்டி போயிற்று, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியரானான். ஜெரோம் கார்க் கண்ணாடி மாற்றும் கடை வைத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறு தெரு. பிறந்தநாள், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். பேசமட்டும் மாட்டார்கள்.

“ரெனா, உன் தம்பிகிட்ட அந்தக் கடுகு ஜாடியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

“அக்கா, கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு.”

“எட்டினா நான் ஏன் கேக்கறேன்னு கேளு.”

ரெனாட்டா பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வாயைத் திறந்துவைத்திருப்பவர்களிடம் பேசிப் பதில் வாங்கிப் பழகியவள். இந்த இரண்டு பேரிடமும் அந்த வித்தை எடுபடவில்லை. முதல் வருஷம் அழுதாள், மூன்றாம் வருஷம் சண்டை போட்டாள், அப்புறம் தபால்காரியாகவே ஆகிவிட்டாள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் நிறைந்த அன்று சனிக்கிழமை. அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. காலையிலேயே வெண்டல் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட ஆரம்பித்துவிட்டான். ஜெரோம் ஐஸ் மூட்டையோடு வந்து, அடுப்புப் பக்கம் திரும்பாமல் வேலியோரமாகவே நடந்து சமையலறைக்குள் வந்தான். அம்மா பியரோகி மடித்துக்கொண்டிருந்தாள். ரெனாட்டா முட்டைக்கோஸ் நறுக்கினாள். குளிர்பெட்டி மேல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

நாரைகள் அணியின் ‘இன்று இதே நாளில்’ நிகழ்ச்சியை யாட்விகா ஒருநாளும் விடமாட்டாள். இந்த வருஷம் அதை நடத்துவது வெர்னா டாலிவர் என்ற புதுப் பெண். பழைய ஆள் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார். வெர்னா அப்படியில்லை. நாரைகள் ஜூலை இரண்டாம் தேதி இதுவரை ஜெயித்ததே கிடையாது என்பாள். மைதானத்துக்குள் அணில் புகுந்து ஆட்டம் நின்ற நாட்களில் தோற்றதும் கிடையாது என்பாள். பேக்கர் என்று பெயருள்ள மூன்று பேர் இந்த அணிக்கு ஆடியிருக்கிறார்கள், மூவருமே முதல் ஆட்டத்தில் மூக்கை உடைத்துக்கொண்டார்கள் என்பாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அன்றைக்கும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “இன்று இதே நாளில், 2009 ஜூன் பதினைந்து. நம்ம மைதானத்துல, ஒமாஹாவுக்கு எதிரா, வெண்டல் ஹேகர் தன்னோட ஒரே ஹோம் ரன்னை அடிச்சார். பந்து போட்டவர் யார் தெரியுமா? நம்ம ஊர் முடிவிலி மன்னன், ஜெரோம் கொஸியாரா!”

ஜெரோம் ஐஸ் மூட்டையைத் தொட்டியில் தொப்பென்று போட்டான். பழைய ஆள் இதை ஆகஸ்டில்தான் சொல்வார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் ரேடியோவைத் தொடமாட்டார்கள். ஜூனில் இந்த இடி விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் யாட்விகாவைக் குத்தியது வேறு. மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

“ஜூன் பதினஞ்சா? என்னடி சொல்றா இவ? அன்னிக்குத்தானே உனக்குக் கல்யாணம்?”

“ஏதோ தப்பா சொல்லியிருப்பாங்கம்மா. விடு.”

“விடுறதா? ஊருக்கே கேக்குது! மாப்பிள்ளை அன்னிக்குக் கல்யாணத்துக்கே வரலைன்னு நாலு பேர் நினைக்கமாட்டாங்களா?”

நிலையத்தின் எண் அவளுக்கு மனப்பாடம். ரெனாட்டா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மணி அடித்து, மறுமுனை எடுத்தாயிற்று. கை முழுக்க மாவு என்பதால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுச் சர்க்கரை டப்பா மேல் சாத்திவைத்திருந்தாள்.

“வணக்கம், ‘இன்று இதே நாளில்’. யார் பேசறீங்க?”

“லக்ரேஞ்ச் தெருவிலேருந்து யாட்விகா பேசறேன். ஏம்மா, காலங்காத்தால இப்படிப் பொய் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?”

அவள் சொன்னது இரண்டு விநாடி கழித்துக் குளிர்பெட்டி மேலிருந்தும் கேட்டது. ரெனாட்டா பாய்ந்துபோய் ரேடியோவைக் குறைத்தாள்.

“நான் எதும்மா பொய் சொன்னேன்?” என்றாள் வெர்னா, கொஞ்சம் மிரண்டு.

“அன்னிக்கு என் மாப்பிள்ளை மைதானத்துல மட்டை சுத்தினான்னு சொன்னியே. அன்னிக்கு அவன் என் பொண்ணு பக்கத்துல, கோயில்ல, பாதிரியார் முன்னாடி நின்னான். நான் என் கண்ணால பார்த்தேன். போட்டிருந்த கோட்டுகூட அவனோடது இல்ல, இரவல்.”

“அம்மா, ஒரு நிமிஷம். வெண்டல் ஹேகர் உங்க மாப்பிள்ளையா?”

“இல்லேன்னா அவனுக்கு எதுக்கு நான் பியரோகி மடிக்கறேன்? அப்புறம் முடிவிலி மன்னன்னியே, அவன் என் பையன். மாப்பிள்ளைத் தோழன். மோதிரம் அவன் பையிலதான் இருந்துச்சு.”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. “ரெண்டு பேருமே? அன்னிக்கு? ஒரே கல்யாணத்துல?” வெர்னாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “அம்மா, நீங்க சொல்றதும் நிஜம், நான் சொன்னதும் நிஜம். அந்த ஆட்டம் ஜூன் பதினஞ்சு சாயங்காலம் ஆரம்பிச்சு மழையில நின்னுபோச்சு. ஆகஸ்ட்ல மிச்சத்தை ஆடி முடிச்சாங்க. ஆனா சட்டப்படி அது ஜூன் பதினஞ்சோட ஆட்டம்தான். ஆகஸ்ட்ல யாரு என்ன பண்ணியிருந்தாலும் அது ஜூன் பதினஞ்சுல நடந்ததாத்தான் கணக்கு.”

“மழை பெய்ஞ்சா தேதி நின்னுடுமா?”

“அந்த ஆட்டத்துக்கு நின்னுடும்மா. அதுக்கு மட்டும் ஜூன் பதினஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல நீண்டுச்சு.”

யாட்விகா யோசித்தாள். “அப்ப உங்க சட்டப்படி, என் பொண்ணு கோயில்ல யாரைக் கட்டிக்கிட்டா?”

இதைக் கேட்டு ரெனாட்டாவுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெர்னா சிரித்த சிரிப்பில் தொலைபேசி டப்பாவிலிருந்து சரிந்தது. கொல்லையில் அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்த ரேடியோவில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வெண்டல், இடுக்கியைக் கையில் பிடித்தபடி வாசற்படிக்கு வந்துவிட்டான். ஜெரோம் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

“அவங்க ரெண்டு பேரும் அங்க இருக்காங்களா?” என்று கேட்டாள் வெர்னா. “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னிக்கு மழை வந்து ஆட்டம் நின்னப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“நான் வெண்டல் பேசறேங்க. மண்டபத்துச் சமையலறையில இருந்தோம். அங்க ஒரு ரேடியோ இருந்துச்சு. ஆட்டத்தைக் கேட்டுட்டிருந்தோம்.”

“இருங்க. அந்த ஆட்டத்தையேவா? நீங்க ஆடின ஆட்டத்தை நீங்களே கல்யாணத்துல உக்காந்து ரேடியோல கேட்டீங்களா?”

வெண்டல் இதுவரை அப்படி யோசித்துப் பார்த்ததில்லை என்பது ரெனாட்டாவுக்கு அவன் முகத்திலேயே தெரிந்தது. அவளும் யோசித்ததில்லை. கேக் வெட்டிய கையோடு புருஷன் எங்கே தொலைந்தான் என்று தேடி அலைந்ததுதான் அவளுக்கு ஞாபகம்.

ஜெரோம் தொட்டியைப் பார்த்தே பேசினான். “அம்மா, சமையலறை இல்லைன்னு சொல்லு. பின்பக்கப் படி.”

“ரெனா, சமையலறைதான்னு அவன்கிட்ட சொல்லு.”

“யார் யார்கிட்ட சொல்றாங்க?” என்றாள் வெர்னா. “எனக்குப் புரியலையே.”

இரண்டு பேரும் ரெனாட்டாவைப் பார்த்தார்கள். கத்தி கையில், முட்டைக்கோஸ் பாதியில். பதினைந்து வருஷமாக வலமிருந்து இடமும் இடமிருந்து வலமும் தான் சுமந்த கடுகு, உப்பு, கார் சாவி, குசலம், குத்தல் எல்லாம் அவள் தொண்டைக்கு வந்தது.

“நான் சொல்றேன் கேளுங்க வெர்னா. அந்த ஒரு பந்துக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசறதில்ல. எல்லாத்தையும் என்கிட்ட சொல்லுவாங்க, நான் அந்தப் பக்கம் சொல்லணும். ஒரே மேஜை. நடுவுல ரெண்டு முழம்கூட இருக்காது. இன்னியிலேருந்து நான் சொல்லமாட்டேன். நான் வேலையை விட்டாச்சு.”

நறுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் டொலிடோ முழுக்க அதைக் கேட்டிருக்கும் என்பது உறைத்தது. முகம் சுட்டது. ரேடியோவில் பேச்சற்ற இடைவெளி ஓடியது. ரேடியோக்காரர்கள் அதற்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் வெர்னா வாய் திறக்கவில்லை.

“பின்படிதான்,” என்றான் ஜெரோம். இந்தமுறை திரும்பி வெண்டலைப் பார்த்துச் சொன்னான். “பீர் பீப்பாய் மேல நீ உக்காந்திருந்த. கோட்டுல கேக் அப்பியிருந்துச்சு. ரேடியோவை ஜன்னல்ல வெச்சிருந்தோம்.”

வெண்டல் இடுக்கியைத் தாழ்த்தினான். “ஆமா. ஜன்னல்ல. மழை தெறிச்சு அது கரகரன்னுச்சு.”

“நான்தான் என் தொப்பியை அது மேல கவுத்தேன்.”

“தொப்பியைக் கவுத்துட்டு ஒண்ணு சொன்னியே, ஞாபகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

“நாலுக்கு நாலுன்னு ஆட்டத்தை நிறுத்தினாங்க இல்ல? நீ எந்திரிச்சு நின்னு, நெஞ்சைத் தட்டிக்கிட்டு, ‘என் கையில ஒரு பந்தைக் கொடுக்கச் சொல்லு மச்சான், ஒரே பந்துல இந்த ஆட்டத்தை முடிச்சுக் காட்டறேன்’னு சொன்னே.”

ஜெரோம் அவனையே பார்த்தான். அவன் மூக்கு விடைப்பதைப் பார்த்து ரெனாட்டா பயந்துபோய்க் கத்தியைக் கீழே வைத்தாள். ஆனால் அது கோபமில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டு வந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவன் சிரித்தான்.

“முடிச்சேனே! சொன்ன மாதிரியே முடிச்சேனே!”

வெண்டலும் சிரித்தான். யாட்விகாவுக்கு விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை; என்றாலும் மகன் சிரிக்கிறான் என்பதால் அவளும் மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள்.

“அன்னிக்கு அந்தப் பந்தை மேஜையில வெச்சியே, அதுதான்டா எனக்குத் தாங்கல,” என்றான் ஜெரோம், மூச்சு வாங்கியபடி. “அடிச்சதுக்கு இல்ல. அடிக்கறது உன் வேலை.”

“அத்தை பார்க்கலையேன்னு வெச்சேன். ஹோம் ரன் அடிச்ச சந்தோஷத்துல, நீ அந்தப் பக்கம் உக்காந்திருக்கறதே எனக்கு மறந்துபோச்சு மச்சான். நீ எழுந்து போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”

“மடையன்.”

“ஆமா.”

“இன்னும் நாம நேரலையிலதான் இருக்கோம்,” என்று மெதுவாக நினைவூட்டினாள் வெர்னா. “ஜெரோம் அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லட்டுமா? நீங்க ஒரே ஒரு ஆளை அவுட் ஆக்கியிருந்தாக்கூட போதும், முடிவிலி போயிருக்கும். உங்க சராசரி இருபத்தேழா ஆகியிருக்கும்.”

“இருபத்தேழும் கேவலம்தானேம்மா.”

“கேவலம்தான். ஆனா வாயால சொல்லலாம். அந்தப் படுத்துக்கிடக்கிற எட்டை விட எவ்வளவோ மேல்.”

அழைப்பு முடிந்தது. ஜெரோம் தோளைச் சுழற்றிப் பார்த்தான். பிறகு, “டேய், உன் வண்டியில மட்டை இருக்கா?” என்றான்.

உடற்பயிற்சி ஆசிரியரின் வண்டியில் மட்டைக்கா பஞ்சம்? பந்துதான் இல்லை. இருந்த பந்துகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தான். யாட்விகா உள்ளே போய்த் தையல் கூடையைக் கிளறி, சாம்பல் நிறத்தில் ஒரு காலுறையைக் கொண்டுவந்து உதறினாள். உள்ளேயிருந்து பந்து உருண்டு விழுந்தது. அன்றைக்கு சூப்புப் பாத்திரத்தோரம் கேட்பாரற்றுக் கிடந்ததை அவள் எடுத்து வைத்துக்கொண்டு, காலுறை ஓட்டை தைக்கும்போது குதிகாலுக்குள் திணித்துக்கொள்ளப் பயன்படுத்திவந்தாள்.

“அத்தை, இது என்னோட ஹோம் ரன் பந்து!”

“குதிகாலுக்கு இதை விட நல்ல அளவு கிடையாது மாப்பிள்ளை.”

கோயிலுக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. இவர்கள் போய்ச் சேருமுன்பே நாலைந்து பேர் வந்திருந்தார்கள், ரேடியோ கேட்டவர்கள். எதிர்வீட்டு அம்மாள் காப்பிக் கோப்பையோடு மடக்கு நாற்காலி போட்டிருந்தாள். யாட்விகா தன் கைப்பையை ஓடிப்போய்த் தொடவேண்டிய முதல் மூலையில் வைத்தாள். நடுவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள்.

“என்ன மச்சான், பந்து எப்ப வரும்? நான் பென்ஷன் வாங்கினப்புறமா?” என்றான் வெண்டல், மட்டையை ஆட்டியபடி.

“நீ முதல்ல நேரா நில்லு. தொப்பை குறுக்க வருது, எனக்கு எங்க போடறதுன்னே தெரியல.”

ஜெரோம் எறிந்த முதல் பந்து கோயில் அறிவிப்புப் பலகையில் பட்டு, ஞாயிறு பூசை நேரத்தைச் சாய்த்தது. இரண்டாவது பந்து காப்பி அம்மாளின் நாற்காலியை உரசியது. அவள் கோப்பையைக் கீழே விடாமல் காலைத் தூக்கிக்கொண்டாள். தோள்பட்டை நெரிந்த சத்தம் ரெனாட்டாவுக்கே கேட்டது. மூன்றாவது பந்து நேராக வந்தது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. அதைவிட வேகமாகப் பள்ளிப் பிள்ளைகள் எறிவார்கள். வெண்டல் சுழற்றினான். பந்து மட்டையின் நுனியில் பட்டுத் தரையில் உருண்டது, ஜெரோமை நோக்கி, சமர்த்தாக.

“ஓடுங்க மாப்பிள்ளை, ஓடுங்க!” நடுவர் கத்தினாள்.

வெண்டல் ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. முட்டியைப் பிடித்துக்கொண்டான், முனகினான், நொண்டினான். ஜெரோம் குனிந்து பந்தை எடுத்து, நிதானமாக நடந்துவந்து, கைப்பைக்கு இன்னும் பத்தடி இருக்கையில் அவன் முதுகில் பந்தை வைத்து அழுத்தினான்.

“அவுட்!” என்று யாட்விகா போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் எழுந்தன.

“இருபத்தேழு!” என்று ஜெரோம் வானத்தைப் பார்த்துக் கத்தினான். “இருபத்தேழுடா!” வெண்டலைக் கட்டிப்பிடித்து, அவன் காதிலும் ஒருமுறை கத்தினான். காப்பி அம்மாள் கை தட்டினாள்.

ரெனாட்டா கைகட்டி நின்றாள். போன வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பேருந்தைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரை இந்த மனுஷன் ஓடியதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். முட்டியாவது ஒன்றாவது. அதைச் சொல்ல அவள் வாய் துறுதுறுத்தது. வெண்டல் ஜெரோமின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து, ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். சரி, போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

திரும்பிவந்தபோது தொத்திறைச்சி கருகிக் கரியாகியிருந்தது. யாட்விகா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். அவர்கள் காதில் அது ஏறவே இல்லை. அந்த ஆகஸ்ட் பந்து வளைந்து வந்ததா நேராக வந்ததா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“அது வளையவே இல்ல மச்சான். கயித்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரி வந்துச்சு.”

“வளைஞ்சுச்சுடா! நீ கண்ணை மூடிட்டுச் சுத்தினே, பந்தே வந்து உன் மட்டையில விழுந்துச்சு.”

“ரெண்டு வருஷம் உன் பந்தைப் பிடிச்சவன்டா நான். எனக்குத் தெரியாதா?”

“பிடிச்சியா? பாதியை விட்டே!”

சூப்பு வந்தது, பேச்சு நிற்கவில்லை. பியரோகி வந்தது, நிற்கவில்லை. வாயில் உணவோடு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒமாஹாவில் இருந்த சமையல்காரனைப் பற்றி, பழைய அறையின் எலியைப் பற்றி, முட்டையை யார் கருகவிட்டது என்பதைப் பற்றி. கல்யாண நாளுக்காகத் தான் எழுதிவைத்திருந்த இரண்டு வரியைச் சொல்ல ரெனாட்டா மூன்று தடவை முயன்றாள். ஒருதடவைகூட இடம் கிடைக்கவில்லை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி, அங்க உக்கார முடியலையா?”

“தலை வலிக்குதும்மா. இவ்வளவு பேசுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் வேலையை விட்டிருக்கவே மாட்டேன்.”

அம்மா சிரித்து, வெங்காயம் வதக்கி ஊற்றிய பியரோகி இரண்டை அவள் தட்டில் வைத்தாள். உள்ளே ஏதோ நாற்காலி சாய்ந்து விழுந்தது. பந்தெறிவது எப்படி என்று ஜெரோம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ரெனாட்டா கதவைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.